உருளைக்கிழங்குப் பெட்டியில் ஒரு தீவின் கடவுச்சொற்கள்

இந்த ஊர் மன்றத்தின் தலைவர் தோர்கில் அவர்களே! எங்களை விசாரிக்கப் படகேறி வந்திருக்கும் நகராட்சி அதிகாரி விபேக்கே அம்மையார் அவர்களே! மழையில் நனைந்து வந்த பெரியவர்களே! கேக்கும் கையுமாக வந்த தாய்மார்களே! ஒன்பதாம் வகுப்பு தில்டேயின் வணக்கம்.

கேட்கவில்லையா? இதோ, நெருங்கி வருகிறேன். ஆடுவது மைக் இல்லை, நான்தான்.

நம் டென்மார்க் முன்னேறிய நாடு! கடிதத்தை ஒழித்தோம், காகிதத்தை ஒழித்தோம், கவுன்டரை ஒழித்தோம். மனிதர்களைத்தான் இன்னும் ஒழிக்க முடியவில்லை. அவர்கள் பாட்டுக்குக் கண் மங்கி, கைபேசியைக் கடலில் போட்டுவிடுகிறார்கள்.

நம் மீனவர் யெப்பே போட்டார். புதியது வாங்கினார். அரசுக் கடிதங்கள் வரும் இணையக் கணக்கில் நுழைய ரகசிய எண் வேண்டும். அது எங்கே வரும்? பழைய கைபேசிக்கு. பழையது எங்கே? மீன்களிடம்! உதவி மையத்தை அழைத்தார்.

"எங்க இணையதளத்துல மாத்திக்கங்க."

"உள்ள போக முடியலன்னுதானேம்மா கூப்பிடுறேன்?"

"அதையும் இணையதளத்துலயே புகாரா போடலாங்க."

நேரில் போகலாமா? தாராளமாக! இணையத்தில் நுழைந்து நேரம் பதிந்துவிட்டுப் போகலாம்.

ஒருவழியாக எண் காட்டும் கருவி ஒன்று வந்தது. யெப்பேயின் கண்புரை விழுந்த கண்ணுக்கு அந்த எண் தெரியவில்லை. நாம் என்ன செய்தோம்? சாலையோரப் பெட்டியில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு, காவலின்றி விற்கிற ஜனங்கள் நாம். அதே பெட்டியில் கடவுச்சொல்லையும் கருவியையும் வைத்தோம்! யெப்பே மட்டுமா? பதினோரு வீடு! பள்ளி விட்டு வரும் யாரோ ஒருத்தி அவற்றை எடுத்து, உள்ளே நுழைந்து, கடிதங்களைப் படித்துச் சொன்னாள். இங்கே எதுவும் திருடு போனதில்லை.

என்ன தலைவரே? "போன வருஷம் ரெண்டு முட்டை போச்சே!" என்கிறீர்களா? அது நரி.

அந்தப் பெட்டியை அம்மையார் கண்டுபிடித்து, கருவிகளையும் எடுத்துக்கொண்டார். நுழைந்தது யார் என்று தெரியாவிட்டால், நாளை வெள்ளிக்கிழமை பதினோரு கணக்கும் முடங்கும். அதே வெள்ளிக்கிழமைக்குள் யெப்பே மருத்துவமனைக்கு, 'கண் அறுவைச் சிகிச்சைக்கு வருகிறேன்' என்று பதில் அனுப்பியாக வேண்டும். தவறினால் வரிசையின் கடைசிக்குப் போவார். அதுவரை பொறுக்குமா அந்தக் கண்?

அம்மையாரே, பெயர் கேட்டீர்கள். அந்த யாரோ ஒருத்தி நான்தான்!

"ஏ புள்ள, எனக்காக நீ மாட்டிக்காத! நான்தானே குடுத்தேன்!"

சும்மா இருங்கள் யெப்பே, இப்போது பேசுவது நான்.

பிறர் பெயரில் நுழைவது குற்றமா? குற்றம்தான். கதவு கட்டியவர்கள் கதவருகே ஒரு மனிதரை நிறுத்த மறந்தார்களே, அதற்கு என்ன பெயர்? வாரம் ஒரு நாள், ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதில் ஒரு மனிதர்! இது பேராசையா? பெருங்குற்றமா?

என்ன கேட்டீர்கள், அம்மையாரே?

"ஆபரேஷன் என்னிக்கும்மா? விடிஞ்சதும் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்."

பன்னிரண்டாம் தேதி, காலை எட்டு மணி. உங்கள் கையிலிருக்கும் புகார்த் தாளிலேயே இடம் இருக்கிறது. முதலில் அதை எழுதுங்கள். அதன் கீழே என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.