காலையில் இரண்டு எழுத்து

"பேச்சு குடுக்காதேக்கா, எழுத்து மறந்துடும்," என்றாள் மயிலாப்பூர் டிராமில் எனக்கு முன்னால் சிலேட்டோடு உட்கார்ந்திருந்த பெண்.

"இன்னா எழுத்து?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"எம் பொண்ணு எட்டு மாசமா காலுல கட்டோட ஆஸ்பத்திரியில கீறா. பள்ளிக்கூடத்துல பேரை அடிச்சிட்டாங்க. வார்டுக்கு ஒரு வாத்தியாரம்மா வேணும்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். சீக்காளிப் புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்றாங்க."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. பக்கத்து வீட்டம்மா கிட்ட காலைல ரெண்டு எழுத்து கத்துக்கினு, சாயங்காலம் அவளுக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

"முடியுதா உன்னால?"

"வேலை முடிச்சு வந்தா கண்ணு சொருவுது. இன்னா பண்றது? நேத்து அடுத்த கட்டில் பொண்ணும் என்னை டீச்சர்னு கூப்பிட்டுச்சு."

ஆஸ்பத்திரி வாசலில் டிராம் நின்றது. சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்ல இறங்கினாள்.