இரண்டு கோப்பிக்கு ஒரு கிரைண்டர்

நல்ல கோப்பிக்கு ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், சேர். கோப்பி போடும் மெசினைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, கொட்டை அரைப்பதற்குக் கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் அரைவைதான் எல்லாமே. எஸ்பிரஸோவுக்கு மாவைவிடச் சற்றுக் கரகரப்பாக, ஒரே சீராக அரைபட வேண்டும். கடதாசி வடியில் வெந்நீர் ஊற்றி இறக்கும் பில்டர் கோப்பிக்குச் சீனியைப் போல் பருமனாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு அரைத்தது மற்றதற்கு உதவாது. நடந்தது முழுவதும் இந்த வித்தியாசத்தில் தொடங்கியதுதான். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நான் கண்டியில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் ஈசிஜி எடுக்கிறவன். வீடு கெலிஓயாவில். வீட்டில் நானும் மனைவி சுகிர்தாவும் மட்டும். எங்கள் குசினி சிறியது. கேஸ் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள மேடையில் ஒரு கிரைண்டர்தான் வைக்கலாம். இரண்டு வாங்கலாமா என்று கேட்டதற்கு, "ரெண்டு மெசின வச்சிட்டு நான் எங்க ஒக்காந்து தேங்கா திருவுறது?" என்றாள். நியாயமான கேள்வி.

எனவே இரண்டுக்கும் பொருந்தும் ஒன்றைத் தேடினேன். கண்டி நகரில் முனாஸ் என்பவர் இந்தச் சாமான்களை இறக்குமதி செய்து விற்கிறார். சனிக்கிழமைகளில் அவர் கடையில்தான் இருப்பேன். கூம்பு வடிவப் பல் உள்ளது, தட்டையான பல் உள்ளது, படிப்படியாகத் திருகுவது, படியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்புவது என்று எல்லாவற்றையும் அரைத்துப் பார்த்து, பொடியை விரலில் தேய்த்து, வெள்ளைக் கடதாசியில் பரப்பிப் பார்த்தேன். முனாஸ் பொறுமைசாலி.

"ரெண்டுக்கும் ஒண்டு எண்டா ரெண்டுலயும் கொஞ்சம் விட்டுக் குடுக்கத்தான் வேணும், கணேஸ்" என்றார் ஒருநாள். "அடிக்கடி மாத்தி மாத்தித் திருகினா ஒங்களுக்கே வெறுத்துப் போகும். ஒரு எடத்துல வச்சிட்டு வுட்டுருங்க."

அந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்கவில்லை. அரைவையை நைசாக்கவும் பருமனாக்கவும் படியில்லாமல் திரும்பும் வளையம் கொண்ட ஒரு தட்டைப் பல் கிரைண்டரை வாங்கினேன். அந்த வளையத்தில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எஸ்பிரஸோவின் சுவை மாறிவிடும். எனக்கு எஸ்பிரஸோதான் பிடிக்கும். பில்டர், யாராவது வந்தால் போடுவதற்கு. என் இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கேயே வைத்துவிட்டேன். காலையில் தேன் போல இறங்கும், சேர்.

அப்போதுதான் யுகேஷ் வந்தார். சுகிர்தாவின் தம்பி. எலக்ட்ரீஷியன். கட்டாரில் வேலை சரிவந்திருந்தது. கம்பளையில் இருந்த வாடகை அறையை விட்டுவிட்டு, விசா வரும்வரை எங்களோடு இருக்க வந்தார். நல்ல மனிதர். அதை யார் கேட்டாலும் சொல்வேன். வந்த வாரமே வீட்டிலிருந்த பழைய பிளக்குகளை எல்லாம் மாற்றித் தந்தார். சந்தைச் சாமான்களைச் சுகிர்தாவைத் தூக்கவிடமாட்டார். பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் எல்லாம் செய்வார்.

அவருக்குப் பில்டர்தான் பிடிக்கும். எனக்கு முன்னால் எழுந்து, வளையத்தைப் பருமனுக்குத் திருகி, தனக்கும் அக்காவுக்கும் கோப்பி போட்டு, கோப்பைகளையும் கழுவி வைத்துவிடுவார். வளையத்தை மட்டும் பழைய இடத்துக்குத் திருப்பமாட்டார். நான் எழுந்து வந்து திருப்புவேன். திருப்பினாலும் அதே இடம் வராது. உள்ளே ஒட்டியிருக்கும் பருமன் தூள் வேறு கலந்துவிடும். முதல் கோப்பி மண்தண்ணீர் போல ஓடும். அடுத்தது சொட்டாமலே அடைத்துக்கொள்ளும். அதற்குள் கண்டி பஸ் போய்விடும்.

வளையத்தில் என் இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். யுகேஷ் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல ஐடியா மச்சான்" என்றார். மறுநாள் காலை, தன் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

கட்டார் வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டு ஆள் இருக்கிற இடம் என்று எங்கள் நிலையத்துக்கே வந்தார். நான்தான் ஈசிஜி எடுத்தேன். நல்ல பிள்ளையின் கையெழுத்துப் போல, கோடு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. அவருக்குப் பின்னால் இருளப்பன் என்று ஒருவர். ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்து ஆள். ஏற்றம் ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று வந்திருந்தார். அவருடைய கோட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. நான் டொக்டர் அல்ல, ஆனாலும் வருடக்கணக்கில் பார்த்த கண்.

இருதயத்தில் கோளாறு என்றால் எங்கள் டொக்டர் முதலில் சொல்வது என்னவென்று எனக்கு மனப்பாடம். சிகரெட்டை விடுங்கள், கோப்பியை விடுங்கள். அந்த இரண்டாவது மட்டும்தான் எனக்குத் தேவைப்பட்டது. வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தாளில் பெயரைப் பதிகிறவன் நான்தான். இருளப்பனின் கோட்டுக்கு யுகேஷின் பெயரைப் பதிந்தேன். ஒருவருடைய தாள் அடுத்தவருக்குப் போனால், அடுத்தவருடைய தாள் இவருக்குப் போகத்தானே வேண்டும். இருளப்பனை வெறுங்கையோடு டொக்டரிடம் அனுப்ப முடியாது.

நீங்கள் கேட்டது சரி, சேர். சான்றிதழ் கிடைத்திருந்தால் யுகேஷ் கட்டாருக்கே போயிருப்பார். வளையத்தை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அது எனக்கும் தோன்றியது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பேராதனைப் பாலம் தாண்டியபோது. ஆனால் அதற்குள் தாள்கள் டொக்டரிடம் போய்விட்டன. செய்த வேலையைப் பாதியில் கலைப்பது என் வழக்கமில்லை.

டொக்டர் கோப்பியை நிறுத்தச் சொன்னார். வெளிநாடு, பாரம் தூக்குவது, ஏணியில் ஏறுவது எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு பரிசோதிக்கத் திகதி கிடைக்க மாதக்கணக்காகும், அதுவரை மாத்திரை. நோயில்லாத உடம்பில் அந்த மாத்திரை போனதும் யுகேஷுக்கு எழுந்து நின்றாலே தலை சுற்றியது. எங்கள் வீட்டில் நோய் உறுதியானது அப்படித்தான். சுகிர்தா உப்பில்லாமல் சமைத்தாள். எனக்கும் சேர்த்துத்தான். நான் குறை சொல்லவில்லை.

யுகேஷுக்குக் கம்பளையில் ஜெயராணி என்ற பிள்ளையை நிச்சயம் செய்திருந்தார்கள். அவராகவே போய், கலியாணம் வேண்டாம் என்று சொல்ல விரும்பினார். தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போனேன். "எத்தன நாளைக்கு இருப்பேன்னு தெரியாது. ஒங்க புள்ள வாழ்க்கைய நான் கெடுக்க மாட்டேன்" என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். உள்ளே அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. எங்களுக்குக் கரைத்துக் கொடுத்த கோப்பி, போத்தல் தூள். மரியாதைக்காக முழுவதையும் குடித்தேன்.

வளையம் மட்டும் வெள்ளைப் புள்ளியிலேயே இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல எஸ்பிரஸோ நான் குடித்ததில்லை.

இருளப்பன் அடுத்த மாதம் என்னைத் தேடி வந்தார். டொக்டர் அவருக்கு வாயுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார். "நெஞ்சுல ஒண்ணுமில்லனு சொல்லிட்டீங்கய்யா. பயந்துபோய் மேல் மலைக்கே ஏறாம கெடந்தேன். இப்ப பழையபடி வெறகு கொண்டாறேன்" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தான் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் பின்னால் உள்ள மரங்களில் பறித்துக் காயவைத்த கோப்பிக்கொட்டையை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்கள் பொதுவாகச் சந்தோஷமாகத் திரும்பிப் போவதில்லை. அவர் போனார். அதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

அருமையான கொட்டை, சேர். வீட்டிலேயே இளவறுப்பாக வறுத்தேன். எஸ்பிரஸோவில் புளித்தது. பில்டரில் போட்டால் தோடம்பழத் தோலும் சீனிப்பாணியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அதற்காக வளையத்தை நானே சிவப்புப் புள்ளிக்குத் திருகினேன். நல்ல பொருளுக்கு விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும்.

வாசம் யுகேஷின் அறைக்குப் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"மச்சான், ஒரே ஒரு மொடக்கு."

"டொக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவருடைய உடம்பு விஷயத்தில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை.

பை தீர்ந்ததும் இருளப்பன் தந்த நம்பருக்கு எடுத்தேன். மகள் கமலம் பேசினாள். அப்பா விறகுக் கட்டோடு மேல் மலைப் படியில் விழுந்தார், தூக்கிக்கொண்டு வருவதற்குள் உயிர் போய்விட்டது என்றாள். ஆழ்ந்த அனுதாபத்தைச் சொன்னேன். பிறகு, அந்த மரங்களில் மிச்சக் காயை யாராவது பறிக்கிறார்களா என்று கேட்டேன். பழுத்தால் தாமதிக்காமல் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுந்து வீணாகிவிடும். அதைத்தான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்விதான் அவளை உறுத்தியிருக்கிறது. அடுத்த நாள் ஹுன்னஸ்கிரியவில் இருந்து பஸ் ஏறி நேராக டொக்டரிடம் வந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. நான் அடுத்த அறையில் ஒருவருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நல்லாயிருக்குனு நீங்கதானே சொன்னீங்க? அத நம்பித்தானே அவரு மலைக்குப் போனாரு? செத்த வீட்டுல ஒங்க ஆளு கோப்பிக்கொட்ட கேக்குறாரு. என்னங்க நடக்குது இங்க?"

டொக்டருக்கு முகம் மாறிவிட்டது. ஈசிஜி மெசின், எடுத்த கோடுகளை எடுத்த வரிசையில் தனக்குள்ளும் வைத்துக்கொள்ளும். நான் தாளில் பெயரை மாற்றினேனே தவிர, மெசினுக்குள் இருப்பதைத் தொடவில்லை. தொட்டிருக்கலாம். மெசின் விஷயத்தில் பொய் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அன்று யார் முதலில் வந்தது, யார் பின்னால் வந்தது என்று பார்த்தார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் மறைக்கவில்லை.

ஆம். யுகேஷை நோயாளியாக்கியது நான். இருளப்பனின் நோயை அவரிடமிருந்து மறைத்தது நான். இரண்டையும் ஒரே காலையில், நிதானமாக, தெரிந்துதான் செய்தேன். இதில் டொக்டருக்கோ முனாஸுக்கோ சம்பந்தமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

சுகிர்தா இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. யுகேஷ் நேற்று வந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார் போல, நேராக நடந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் பிளேன்டீ குடிச்சிட்டுப் போயிருப்பேனே மச்சான். எனக்குக் கோப்பி ஒரு பெரிய விசயமா? அந்த மனுசன் செத்துப் போயிட்டாரே. ஏன் மச்சான் எங்கிட்ட கேக்கல?"

கேட்கவில்லை என்பது உண்மைதான். நானும் இரவு முழுவதும் யோசித்துப் பார்த்தேன். அத்தனை மாதங்களில் ஒருநாள்கூட, வளையத்தைத் திருகாதீர்கள் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? மனைவியின் தம்பி, நம்மை நம்பி வந்து தங்கியிருக்கிறவர். அடுத்தவர் மனம் நோகும்படி ஒரு வார்த்தை பேச எனக்கு வராது, சேர்.