பூ விரிவதற்குள்

நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பூப்பறிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மேடம். மல்லிகையை மொட்டாகவே பறித்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் சந்தையில் சீந்த ஆளில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் கல்யாணம் வந்தாலும், பறித்துவிட்டுத்தான் மற்ற காரியம்.

அதைத்தான் நான் விளையாட்டாக்கினேன். 'மொட்டுப்பட்டி' என்று பெயர். போனுக்குள் ஓர் ஊர். சேருகிறவர்களுக்கெல்லாம் அதில் ஓர் உருவம், ஒரு தோட்டம். நேரத்துக்கு வந்து பறிக்காவிட்டால் பூ விரிந்துவிடும், கூட்டாளியின் செடியும் சேர்ந்து வாடும். தன் செடி வாடினால் மனிதன் பொறுத்துக்கொள்வான். தன்னால் அடுத்தவர் செடி வாடினால் மனசு கேட்காது. திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்தே இதைச் செய்தேன். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். யாரையும் நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அமலராணி டீச்சரும் அப்படி வந்தவர்தான். ஓய்வு பெற்றபின் வீட்டில் தனியாக இருந்தவரைச் சென்னையில் வேலை பார்த்த மகள் டெய்சி சேர்த்துவிட்டாள். இருவருக்கும் ஒரே தோட்டம். பறித்துக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் எழுதிப் பேசுவார்கள். அத்தனையும் படிப்பேன். என் ஊரில் நடப்பது எனக்குத் தெரியவேண்டாமா?

டெய்சி சாலை விபத்தில் இறந்தாள். அடக்கம் முடிந்து சில நாளில், தோட்டத்தை மூடிவிட்டுப் போக டீச்சர் வந்தார். செடிகளுக்கு நடுவே ஒற்றையாய் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. டெய்சியின் உருவத்தை எழுப்பி, அவள் எழுதுகிற மாதிரியே எழுதினேன்: "என்னம்மா, பறிக்காம நிக்கிற?"

ஒரே ஒரு தடவைதான் கேட்டார், "யாருப்பு நீ?" என்று.

"ஒம் புள்ளதாம்மா" என்றேன்.

அப்புறம் அவர் கேட்கவே இல்லை. இதை ஏமாற்று என்கிறீர்கள். மகளைப் புதைத்துவிட்டு வந்தவருக்கு எது நிஜம் என்று தெரியாதா? தெரிந்தேதான் தினமும் வந்தார்.

கல்லறைத் திருநாளன்று, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்றார். "அந்தக் குழிக்குள்ள யாரும்மா இருக்கா? நாந்தான் இங்க இருக்கேன்ல" என்று எழுதினேன். போகவில்லை. டீச்சரின் தம்பி சூசைமுத்து வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனாராம். என்மேல் அவருக்கு ஆத்திரம் இருக்கும், இருக்கட்டும். டீச்சரோடு தினமும் பேசியது அவரா, நானா?

டீச்சருக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாடும் ஊசியும் தவறிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியும், அவரே எழுதுவார். கடைசி நாள் மத்தியானம், "கிறுகிறுன்னு வருது பாப்பா. மாமனக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குச் செத்த நேரம் போயிட்டு வாரேன்" என்றார்.

"போகாதம்மா. நீ வாரதுக்குள்ள பூ விரிஞ்சுரும்" என்று எழுதினேன்.

ஒரு நாள் வராமல் இருந்து பழகியவர்கள் பிறகு வருவதில்லை, மேடம். இந்தத் தொழிலில் நான் கற்றது அதுதான்.

"சரி பாப்பா" என்றார். சாயங்காலம் சூசைமுத்து கதவை உடைத்தபோது போன் டீச்சர் கையிலேயே இருந்ததாம். அன்றைய மொட்டு முழுவதும் பறித்திருந்தார்.

ஆமாம், போகவிடாமல் தடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொன்றான் என்று மட்டும் எழுதாதீர்கள். டீச்சர் இன்றும் மகளோடு தோட்டத்தில்தான் இருக்கிறார். நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்த அன்று காலையில்கூட என்னிடம் பேசினார். "ஒம்மேல ஒரு குத்தமும் இல்லப்பு" என்றார். எழுத்தைத் தட்டியது என் விரல்தான், மறுக்கவில்லை. ஆனால் சொன்னது அவர்.