கன்னம் வீங்கிய இறால்

— விளக்கக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. இப்பப் பாரு, கன்னம் தெரியுதா?

— தெரியுது. வலது பக்கம் வீங்கியிருக்கு. இதத்தானே நானும் அன்னிக்கே எழுதினேன், கன்னம் புடைச்ச இறால், யாரும் பாக்காத புது இனம்னு.

— ஊசிய எடுத்து மேல் ஓட்ட மெல்லத் தூக்கு. உன் கையாலயே தூக்கு. அப்புறம் நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லக் கூடாது, சரியா?

— ஐயா சாமி, புருஷன் மேல அவ்வளவு நம்பிக்கை கூடவா இல்லாம இருக்கேன். இருங்க... ஓ.

— என்ன ஓ?

— உள்ள ஒண்ணு உக்காந்திருக்கு. பேன் மாதிரி.

— ஒட்டுண்ணி. செவுளுக்குப் பக்கத்துல குடியேறி ரத்தத்தக் குடிச்சுக்கிட்டு இருக்கு. கன்னம் வீங்கினது அதனாலதான். ஆண் இறாலுக்குள்ள இது புகுந்துச்சுன்னா ஆண் அடையாளமே தேஞ்சு போயிடும், சரியா? கால்ல இருக்க வேண்டிய சின்ன முள்ளு இல்லன்னு எழுதினியே, அதுக்கும் இதான் காரணம். ஆக, உன் இறால் புது இனமே இல்ல. விரல் சொடுக்குற மாதிரி சத்தம் போடுமே, எல்லாரும் பாத்துச் சலிச்ச சொடுக்கு இறால், அதேதான். சீக்கு வந்த சொடுக்கு இறால்.

— நான் அறுத்துப் பாத்த ரெண்டுலயும் உள்ள எதுவும் இல்லயே. காலியாத்தானே இருந்துச்சு.

— கழண்டு விழுந்திருக்கு. ஸ்பிரிட்டுல போட்டா சில சமயம் கழண்டுடும். மியூசியத்துலேந்து உன் பழைய ஜாடிய வரவழைச்சுப் பாத்தேன். லேபிளுக்கு அடியில ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, இத்தன வருஷமா.

— ஜாடிய வரவழைச்சீங்களா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம?

— சொன்னா வருத்தப்படுவேன்னுதான்.

— நீங்க நண்டு ஆளுங்க. காலம் பூரா நண்டக் கவுத்துப் போட்டுக் கால் எண்ணினவரு. திடீர்னு என் இறால் மேல என்ன இவ்வளவு அக்கறை?

— அறிவியல்னா அறிவியல். நண்டு என்ன, இறால் என்ன.

— ஒரே ஒரு உயிருக்குத்தான் நான் பேர் வச்சிருக்கேன். அது உங்க கண்ண உறுத்துது.

— ஒரு டஜன் நண்டுக்குப் பேர் வச்சவன் நான். உன் ஒத்த இறாலப் பாத்து எனக்கு என்ன பொறாம?

— அப்ப எதப் பாத்துப் பொறாம?

— பொறாமன்னு யாரு சொன்னா? மொதல்ல இதப் பத்தி நான் எழுதியிருக்குற கட்டுரையப் படி. தப்பு இருந்தா சொல்லு. நீ சரின்னு சொல்லாம பத்திரிகைக்கு அனுப்புற பட்டன நான் அமுக்க மாட்டேன்.

— தள்ளுங்க... படம் நல்லா வரைஞ்சிருக்கீங்க. நான் வரைஞ்சத விட நல்லாவே இருக்கு. இந்த மீசைக்கு ஒரு கணு குறையுது, போட்டுடுங்க. மத்தபடி... சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொல்றதுதான் சரி.

— அழுவுறியா?

— ஸ்பிரிட் நெடி. ஜன்னலத் திறங்க.

— கோவம் இருந்தா சொல்லிடு. நேத்து ராத்திரி கூட எந்திரிச்சு ஹால்ல போய்ப் படுத்துட்ட.

— இந்த ஜாடிக் கதையே எனக்கு இப்பத்தானே தெரியும்? நேத்து தூக்கம் வரல, அவ்வளவுதான். அனுப்புங்க.

— நெஜமாவா? அனுப்பிட்டா நீ வச்ச பேரு செல்லாது. ரெண்டும் ஒண்ணுன்னா பழைய பேருதான் நிக்கும்.

— எனக்கே விதி சொல்லித் தர்றீங்களா? அனுப்புங்க.

— ...அனுப்பிட்டேன்.

— உங்க மூஞ்சியப் பாருங்க, பல்லு வலி போன மாதிரி. இப்பவாவது வாயத் திறங்க. என்ன உறுத்துச்சு?

— அந்தப் பேருதான்.

— பேருக்கு என்ன வந்துச்சு?

— லத்தீன்ல குறட்டைக்காரன்னு வச்சியே. ராத்திரியில சத்தம் போடுறதால வச்சேன்னு எழுதின. சொடுக்கு இறால் சொடுக்கும், குறட்டையா விடும்? எவனையோ மனசுல வச்சுக்கிட்டு வச்ச பேருன்னு படிச்ச அன்னிக்கே புரிஞ்சு போச்சு.

— எவன?

— தாடி.

— நாம மொதல்ல பாத்துக்கிட்டோமே அந்த ஆய்வுப் படகு, அதுக்குத் தலைவரா வந்த தாடியா?

— வேற யாரு? மத்தியானம் சாப்பிட்ட கையோட நாற்காலியில சாஞ்சு குறட்டை விட ஆரம்பிச்சுடுவான். அவன் எத சொன்னாலும் நீ விழுந்து விழுந்து சிரிப்ப. கட்டுரைக் கடைசியில அவனுக்கு நன்றி வேற. கல்யாணம் ஆன நாள்லேந்து ஒரு கேள்வி என் தொண்டையிலயே நிக்குது. அவன் ராத்திரியில குறட்டை விடுவான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அட பாவமே. இத வயித்துல வச்சுக்கிட்டா ஜாடிய வரவழைச்சீங்க?

— பதிலச் சொல்லு.

— தாடி ராத்திரியில தூங்கினாத்தானே குறட்டை விட? கடல் அவருக்கு ஒத்துக்கல. விடிய விடிய மேல்தளத்துல கம்பியப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுப்பாரு. அதான் மத்தியானம் கண்ண அசத்தும்.

— அப்ப குறட்டை?

— என் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவுல ஒரே ஒரு பலகை. பகல் பூரா என் முகத்தக் கூட நிமிர்ந்து பாக்காத ஒரு ஆளு, ராத்திரியானா அந்தப் பலகைய அதிர வைப்பாரு. இவரு ஒரு நாளாவது நம்மகிட்டப் பேச மாட்டாரான்னு நெனச்சுக்கிட்டே நான் தூங்காமக் கிடப்பேன். அந்த ஆளுக்கு வச்ச பேருதாங்க அது.

— பக்கத்து அறையில நான்தானே இருந்தேன். நான் குறட்டையே விட மாட்டேனே.

— நேத்து நான் எதுக்கு எந்திரிச்சு ஹாலுக்குப் போனேன்னு நெனைக்கிறீங்க?