வாளி நின்ற இடம்

நெருங்கி உட்காருங்கள். நடுவில் இடம் விட வேண்டாம்... காரணம் பின்னால் வரும்.

போன ஐப்பசி. பொழுது அடைகிற நேரம். கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு வருகிற ரோடு. ஆள் இல்லை, லைட் இல்லை. மலையில் மோதித் திரும்பிய காற்று தென்னை மட்டையைப் பிய்த்துப் பிய்த்து ரோட்டில் எறிகிறது. பைக்கில் ஒருத்தன் தனியாக வருகிறான்... ஷாநவாஸ். நம்ம ஜபருல்லாவின் தங்கச்சி சப்ரீனைக் கட்டியவன், தேங்காய் வியாபாரி. புயல் அடித்தால் தோப்புக்காரன் பேரத்துக்குப் படிவான் என்று கிளம்புகிற கூட்டம் நாங்கள். அவனும் அப்படித்தான் போனான்.

அவனை ரோட்டிலேயே விடுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டைப் பாருங்கள். கரண்ட் போச்சு. டவரும் போச்சு. ஒற்றை மெழுகுவத்தி. அத்தா பிச்சை முகம்மது, அம்மா ஆயிஷா பீவி, சப்ரீன். மூன்று பேர். அதில் மாமியும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசியது காலையோடு சரி, அப்புறம் சண்டைதான்.

"போக வேணாம்னு சொன்னேன். நீங்கதான் மாமி அனுப்பி வச்சீங்க."

"ஆமாட்டி, ஒன் முந்தானைக்குள்ள உக்காந்திருந்தா தேங்கா நடந்து வருமாக்கும்? வாசல்ல வச்சு நீ அழுத அழுகைதான் எம்புள்ளைய வழி மறிக்குது."

மழையில் மேல்தளம் ஒழுகியது. கூடத்து நடுவில் பழைய பெயின்ட் வாளி. டொக்... டொக்...

பள்ளிவாசல் மைக்கும் செத்துக் கிடந்தது. ராத்திரித் தொழுகை இஷாவுக்குப் பிச்சை முகம்மதே வீட்டுக்குள் பாங்கு சொன்னார். "புள்ள வந்து சேரணும்னு அல்லாகிட்ட கேப்போம். நில்லுங்க."

அவர் முன்னால். பின்னால் வாளிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"தோளோட தோள் ஒட்டி நில்லுங்க. இடம் விட்டா சைத்தான் வந்து நின்னுக்கிருவான்."

"வாளிய எடுத்தா வீடு நனையும்," என்றாள் ஆயிஷா பீவி.

ஒரு எட்டுத் தள்ளி நின்றிருக்கலாம். அதற்கு ஒருத்தி மற்றவளைக் கூப்பிட வேண்டுமே!

தொழுகைக்கு நின்றுவிட்டால் பேசக் கூடாது, திரும்பக் கூடாது. டொக்... டொக்... பிறகு அந்தச் சத்தம் நின்றது. மழை விட்டுவிட்டதோ? இல்லை. வெளியே தகரம் அதிர அதிரக் கொட்டுகிறது. வாளியில் மட்டும் சொட்டு விழவில்லை.

சப்ரீனின் இடது தோளில் ஜில்லென்று ஒரு தோள் ஒட்டியது. மாமிதான் மனசு இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தாள். ஆனால் அந்த வாடை... தூர்ந்த கிணற்றுப் பாசி வாடை...

சஜ்தாவுக்குப் போனார்கள். நெற்றி தரையில். ஓரக்கண்ணில் வாளி. வாளிக்குள்ளிருந்து இரண்டு கெண்டைக்கால்கள் மேலே போயின.

அது குனியவில்லை.

முறித்துக்கொண்டு ஓடியிருப்பாள். புருஷனுக்காகக் கேட்கிற தொழுகை, முறித்தால் கேட்டதும் முறிந்துபோகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். கடைசியில் சலாம். எல்லோரும் முதலில் வலப்பக்கம் திரும்புவார்கள். சப்ரீனுக்கு வலப்பக்கம் சுவர். ஆயிஷா பீவிக்கு வலப்பக்கம்...

அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து மூலையில் போய் ஒடுங்கினாள். பிச்சை முகம்மது திரும்பிப் பார்த்தபோது வாளிதான் இருந்தது.

தட்... தட்... "அத்தா! நான்தான்!"

"தொறக்காதட்டி!" இவ்வளவு நேரம் மகனைக் கேட்டு அழுத தாய் அலறினாள். "எம்புள்ளையாவே இருந்தாலும் தொறக்காத!"

சப்ரீன் திறந்தாள். ஷாநவாஸேதான். நனைந்த கோழி மாதிரி நின்றான்.

"வந்து செத்த நேரமாச்சு. தொழுகை முடியட்டும்னு வாசல் சன்னலோரம் நின்னேன். மின்னல் வெட்டுல பாத்தேன்... ஆமா, நடுவுல நின்ன நெட்டப் பொம்பள யாரு? நீங்க எல்லாரும் குனியுறீங்க, அவிய மட்டும் அண்ணாந்து வாயப் பொளந்து ஒழுகுற தண்ணியக் குடிச்சுக்கிட்டு..."

பாதி நிறைந்திருந்த வாளி காய்ந்து கிடந்தது.

"வெளிய யாரும் வரலையே. வாசல்ல நான்ல நின்னேன்," என்றான்.

மழை ஓய்ந்ததும் தளத்தைப் பூசினார்கள். அன்றிலிருந்து மாமியும் மருமகளும் அப்படி ஓர் ஒட்டுதல். தொழ நின்றால் ஊசி நுழையாது. புயலில் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே லாபம் என்று நானே கேலி பேசியிருக்கிறேன்.

போன வாரம் வரைக்கும்.

சப்ரீன் இங்கே ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரம் மாமியிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏட்டி சப்ரீன், இங்க கரண்ட் இல்ல. இருட்டுல இஷா தொழும்போது சொல்லாம கொள்ளாம வந்து ஒட்டி நின்னியே... வெளக்கு எடுத்துட்டு வாரதுக்குள்ள எங்கட்டி போனே? ஒஞ்சேலை ஏன் அம்புட்டு ஈரம்?"