முதல் ஏற்றம்

அய்யா, இந்த மேசையின் ஒரு கால் குட்டை. எழுதும்போது ஆடுகிறது. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் செருகிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாசலில் நிற்கிற காவலரிடம் கேட்டுத்தான் செய்தேன். அவருக்கு இடுப்புப் பிடிப்பு. குனிந்தால் நிமிர்வதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது, பாவம். சுடுதண்ணீர் ஒத்தடம் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுது என்று காகிதம் கொடுத்தீர்கள். எழுத்து எனக்கு நாற்பத்திரண்டு வயதில் வந்தது. தங்கை மகளின் பள்ளிப் புத்தகத்தை வைத்து, அவளிடம் குட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டேன். வரி கோணலாகப் போகும். விஷயம் நேராக இருக்கும்.

நான் சுமை தூக்கினவன். நாலு மாடிக் கிடங்கு. தரை ஓடு, கைகழுவும் தொட்டி, மெத்தை, தலையணை, வீடு கட்டுகிறவனுக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடக்கும். பதினெட்டு வருடம் முதுகால் சம்பாதித்தேன். பிறகு ஆறு வருடம் வாயால்.

வாயால் என்றால் பொய் பேசி இல்லை. யாருக்கு என்ன வலி என்று கேட்டு வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். லாரி ஓட்டுகிறவருக்கு மாமியாரோடு மனத்தாங்கல், வாசல் காவல்காரருக்குக் காது சரியில்லை, மூன்றாம் மாடி மெத்தைக்காரனுக்குப் பெண் பார்த்து ஐந்து இடம் தட்டிப்போயிற்று. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கிடங்கில் எனக்கு வைத்த பேர் 'எண்ணெய்'. எங்கே கிறீச்சென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான், ஆனால் பிரியமான கிண்டல்.

ஒரு முறை ஆட்கள் பதினோரு பேர் கையுறை கேட்டு முதலாளி அறைக்கு முன்னால் நின்றார்கள். தரை ஓட்டுப் பெட்டியின் விளிம்பு கையைக் கிழிக்கும். முதலாளி என்னை அனுப்பினார். ஒவ்வொருவரையும் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிப்போய் வீட்டு நிலவரம் விசாரித்தேன். அரை மணி நேரத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். கையுறை வந்ததா என்று கேட்காதீர்கள். அவர்களும் கேட்கவில்லை.

அன்றைக்கு முதலாளி சொன்னார். "சரக்கு தெரிஞ்சவன் எங்கிட்ட பத்துப் பேர் இருக்கான்யா. ஆளத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். இந்தப் பெரிய ஆர்டர் மட்டும் மாசக் கடைசிக்குள்ள முடியட்டும், சூப்பர்வைசர் நாற்காலி உனக்கு."

எங்கள் ஊரில் புதிதாக எழும்பும் ஓட்டலுக்கான ஆர்டர் அது. இருநூறு அறை. அறைக்கு அறை ஓடு, தொட்டி, மெத்தை. அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது, மறைக்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற முதுகு, அய்யா. உட்கார்ந்து பார்க்க அதற்கும் ஆசை இருக்காதா.

ஆளைத் தெரியாத ஆளும் ஒருவர் இருந்தார், மெக்கானிக். சிடுமூஞ்சி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சரக்கு லிஃப்ட் அவர் பொறுப்பு. இரும்புக் கூண்டு, இழுத்துச் சாத்துகிற கதவு, பழைய மோட்டார். அதோடு மட்டும் அவர் அன்பாகப் பேசுவார். மனிதர்களிடம், "தள்ளு", "எடு கைய", "அறிவிருக்கா". இந்த மூன்றையும் வைத்தே பத்து வருடம் ஓட்டிவிட்டார்.

அந்த ஆர்டர் வருவதற்கு முன்பு ஒரு நாள், முதலாளி வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து எங்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார். கழுத்தில் டை கட்டியவர். தொழிலில் முன்னேற வேலை தெரிந்தால் மட்டும் போதாது, பழகத் தெரியவேண்டும், முகம் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்றார். சிடுமூஞ்சி எழுந்து, "பல்சக்கரம் தேஞ்சு போனா அதப் பாத்துச் சிரிக்கணுங்களா சார்?" என்று கேட்டார். அறையே அதிர்ந்தது. டை கட்டியவரும் சிரித்தார், ஆனால் தண்ணீர் குடித்தார்.

அப்புறம் எங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, எதிரே இருப்பவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னார். எனக்கு ஜோடி சிடுமூஞ்சி. அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சட்டை சுத்தமா இருக்கு" என்றார். என் முறை வந்தது. "இவர் கை வெச்ச மெஷின்தான் பத்து வருஷமா எங்கள ராத்திரி வீட்டுக்கு முழுசா அனுப்பி வைக்குது" என்றேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கண் ஈரமானதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து கிடங்கில் அவர் மனிதனாக மதித்துப் பேசியது என்னிடம் மட்டும்தான்.

அதனால்தான் இரண்டு மாதம் கழித்து, லிஃப்டைப் பற்றி எழுதிய தாளை அவர் முதலாளியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

"உங்க கையில குடுத்தா போதும். நான் போய்ச் சொன்னா சண்டையாப் போயிடும். நீங்க பக்குவமா சொல்லுங்க" என்றார்.

அவர் போன பிறகு, ஓட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிரேக் பட்டை தேய்ந்துவிட்டது. புதுப் பட்டை வர மூன்று வாரம் ஆகும். அதுவரை லிஃப்டைப் பூட்டி வைக்கவும். ஆள் ஏறவே கூடாது. இவ்வளவுதான். சின்னச் சின்ன வார்த்தைகள். என்னைப் போல் லேட்டாகப் படித்தவனுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார், அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்று வாரம் என்றால் மாதக் கடைசி தாண்டிவிடும். தாளை மடித்துப் பையில் வைத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. நல்ல செய்தி கொண்டுவருகிறவன் என்றுதான் அவருக்கு என்னைப் பிடிக்கும்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் ஏற்றம் மூத்த ஆளோடது. அவர் கூண்டில் ஏறி நாலாம் மாடிவரை போய், இறங்கி வந்து, "சரி" என்று சொன்னால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். மெஷினை எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஏறி இறங்கி வந்த ஆளைத் தெரியும். அந்த மூத்த ஆள் நான். தாள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து முதல் ஏற்றத்தில் நான் தலையணை மூட்டைகளைத்தான் ஏற்றினேன்.

"அண்ணன் தலகாணியோட மேல போறாரு, தூங்கப் போறாருடோய்" என்று கீழே கிண்டல் செய்வார்கள்.

"கனவுல உங்களுக்குக் கூலி ஒசத்திக் குடுக்குறேன்டா, போங்கடா" என்பேன். சிரிப்பு. இறங்கி வருவேன். "சரி" என்பேன். அப்புறம் அவர்கள் ஓடு ஏற்றுவார்கள்.

புதுப் பட்டைக்காக வெளியூர் போயிருந்த சிடுமூஞ்சி ஒரு வாரத்தில் திரும்பி வந்து, லிஃப்ட் ஓடுவதைப் பார்த்து முற்றத்தில் நின்று கத்தினார். "மாட்டு மந்தைங்களா, எறங்குங்கடா, சாவப் போறீங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் மாட்டு மந்தை என்று அழைக்கப்பட்டவன் எப்படி இறங்குவான்? ஆட்களைப் பார்த்து லேசாகப் புருவத்தைத் தூக்கினேன். இன்னும் நாலு பேர் வேண்டுமென்றே ஏறினார்கள்.

என்ன கூச்சல் என்று முதலாளி கேட்டார். "வீட்ல ஏதோ மனக்கஷ்டம் போல சார். தங்கமான மனுஷன். ஆளுங்களோடதான் ஒத்துப்போகல" என்றேன். இரண்டே நாளில் அவரைத் தூரத்துக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

வழியனுப்ப நான் ஒருவன்தான் போனேன். அவருடைய கருவிப்பெட்டியை வாசல்வரை நான்தான் சுமந்தேன். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன். எண்ணெய் எல்லா எடத்துக்கும் ஆகாது. பிரேக்குல பட்டா வண்டி நிக்காது." பத்து வருடத்தில் அவர் சொன்ன ஒரே அறிவுரை அதுதான். நல்லா இருக்கே என்று எனக்கே தோன்றியது.

எல்லாம் சீராகப் போயிருக்கும். இடைஞ்சல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. என் தங்கை புருஷன், எங்கள் மாப்பிள்ளை, அதே கிடங்கில் சுமை தூக்குகிறவர். வெகுளி. கூண்டில் ஒரு தடவை போய்வந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், அது எறங்குறப்ப ஒரு முழம் நழுவுது."

"பழசு மாப்ளே. நமக்கே படி எறங்கினா முட்டி நழுவுது."

"முட்டி நழுவினா நாலு மாடி விழ மாட்டோம் மச்சான்" என்றார். சொல்லிவிட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துப் படியில் ஏற ஆரம்பித்தார்.

அவர் படியில் போனதைப் பார்த்து இரண்டு பேர் போனார்கள். மறுநாள் ஆறு பேர். நாலு மாடி, அய்யா. வேலையின் வேகம் பாதியாகக் குறைந்தது. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

நான் அவரைத் திட்டவில்லை. ஏறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினேன். இரண்டாம் நாள், நான் சூப்பர்வைசர் ஆனால் வாசல் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று பொதுவாகச் சொன்னேன். மூன்றாம் நாள் பேசாமல் இருந்தேன். அவருக்குத்தான் பொறுக்காது.

"என்ன மச்சான், ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. பசங்க வாய்க்கு வந்தத பேசுறானுங்க. விடு."

"என்ன பேசுறானுங்க?"

"சொந்தத் தங்கச்சி புருஷனே இவர நம்பலையாம், நாம ஏன் நம்பணும்னு."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு நான் ஏறுறேன் மச்சான். எவன் என்ன பேசுறான்னு பாக்குறேன்" என்றார். முகத்தில் ஒரு பெருமை. இன்னொரு மனிதனுக்கு மரியாதை வாங்கிக் கொடுக்கப் போகிற பெருமை. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது என்பது நிஜம்.

மறுநாள் அவர் முப்பது பெட்டி ஓட்டோடு ஏறினார். கூண்டு மூன்றாம் மாடியைத் தாண்டியதும் நின்று, ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்து, கீழே வந்தது.

மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியில்லை, நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அவர் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு நிதானமாக எடுத்துச் சொன்னேன். 'அளவுக்கு மேல் நானேதான் ஏற்றினேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கம்பெனியில் யார்மேலும் வருத்தம் இல்லாமல் முடியும், உன் குடும்பத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்றேன்.

"நீங்க சொன்னா சரி மச்சான். உங்களுக்குத்தான் சங்கடம், என்னால" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தார். விடியும்போது போய்விட்டார்.

அந்தக் கையெழுத்துத் தாளை நான் முதலாளியிடம் கொடுத்தேன். சிடுமூஞ்சியின் தாள் மட்டும் பழைய சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. படிக்கக் கற்றதிலிருந்து எந்தத் தாளையும் கிழித்துப்போட எனக்கு மனசு வருவதில்லை. துவைக்க எடுத்த தங்கை கையில் அது கிடைத்தது. அவள்தான் உங்களிடம் கொண்டுவந்தாள், எனக்குத் தெரியும்.

பட்டை தேய்ந்தது உனக்கு நிஜமாகவே புரிந்ததா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் நான் உங்கள் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். தாள் கைக்கு வந்த வாரம், விடுமுறை நாளில், தனியாகப் போய்க் கிடங்கைத் திறந்தேன். ஆள் ஏறாமல் பெட்டியை மட்டும் ஏற்றி அனுப்பிப் பார்த்தேன். பதினைந்து பெட்டிக்கு ஒரு முழம் நழுவி நின்றது. இருபத்தைந்துக்கு ஓர் ஆள் உயரம் நழுவி நின்றது. முப்பது வைக்கவில்லை. வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் வைக்கவில்லை. அதன் பிறகு ஓட்டோடு ஒருநாளும் நான் கூண்டில் ஏறியதில்லை. மாப்பிள்ளை முப்பது பெட்டி அடுக்குவதை அன்றைக்கு எண்ணிக்கொண்டுதான் நின்றேன். கூண்டுக் கதவைச் சாத்தினதும் நான்தான். என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஆக, செய்தது நான். முதலாளி இல்லை, மெக்கானிக் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. என் தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம். என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாளாம். புருஷனை இழந்தவள், கோபம் இருக்கத்தான் செய்யும். அவளை ஐந்து நிமிடம் உள்ளே அனுப்புங்கள். நான் மன்னிப்பெல்லாம் கேட்டு அவளைச் சங்கடப்படுத்த மாட்டேன். சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேட்கிறேன். மற்றதெல்லாம் சரியாகிவிடும்.