மடித்த இலையை விரித்தவள்

கிருபா அக்காவுக்கு,

இவ்வளவு நேரங்கழிச்சு எழுதுறதுக்கு மன்னிச்சிடுங்க. பாப்பா இப்பத்தான் கண் அசந்தா. நம்ம மகளிர் குழு மெஸ் திறப்பு விழாவில் நான் பேச வேண்டியதில், கதை வருகிற இடத்தை மட்டும் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க.

சமையல் நமக்குத் தெரியும். அதில் பயமே இல்லை. ஆனா சாப்பிட்டுப் போனவங்க... மறுபடியும் வருவாங்களா? இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் மனசுக்குள்ள கேட்டுக்கிறது அந்த ஒரு கேள்விதானே? அதுக்கு என்கிட்ட ஒரு குட்டிக் கதை இருக்கு. கேளுங்க.

தாராபுரத்தில் பத்திர ஆபீசை ஒட்டி ஒரு சின்ன மெஸ். கல்லாவில் நாச்சிமுத்து, அடுப்படியில் அவர் சம்சாரம் துளசிமணி. துளசிமணி வைக்கிற ரசம் இருக்கே... வாசம் ரோட்டுக்கே வந்து ஆளைக் கூப்பிடும். மத்தியானம் ஒரு மணி ஆனா இடம் கிடைக்காது. இடம் கிடைக்காட்டி நாம என்ன பண்ணுவோம்? சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க நாற்காலிக்குப் பின்னாடி போய் நிப்போம்! நிப்போமா இல்லையா? சிரிக்கிறீங்க... அப்ப நின்னிருக்கீங்க.

நாச்சிமுத்துவுக்கு அதுல ஒரே பெருமை. "பாரு புள்ள, நம்ம கடையில ஆளுக்குப் பின்னால ஆள் நிக்குது!" துளசிமணி சொல்லுவா, "நிக்கறது இருக்கட்டுங்க மாமா. நேத்து வந்த மூஞ்சி ஒண்ணாச்சும் இன்னைக்கு வந்துச்சா?" "ஊருல மனுசனுக்கா பஞ்சம்? போய் அப்பளத்தைப் பாரு!"

பஞ்சம் வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா கூட்டம் தேஞ்சுது. ஒரு மணிக்கு நிரம்புற கடை ஒன்றரைக்கே ஈயாடுச்சு. நாச்சிமுத்து என்ன பண்ணார் தெரியுமா? வர்ற கொஞ்சப் பேரையும் இன்னும் வேகமா எழுப்பினார்! சாம்பார் ஊத்தும்போதே "மோருங்களா?"ன்னார். ஆடி முடியறதுக்குள்ள வியாபாரம் நிமிரலைன்னா சாவியைக் கட்டடச் சொந்தக்காரர்கிட்ட ஒப்படைச்சிடறதுன்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேசி, அவர்கிட்டயும் சொல்லி வெச்சிட்டாங்க. வேற பொழைப்பு தெரியாது அவங்களுக்கு.

அப்ப ஒருநாள், மத்தியானம் ஒரு மணி, கடை நிரம்புற நேரம்... கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வந்து உக்காந்தா. கூட யாரும் இல்லை. மடியில் குழந்தை, முன்னாடி இலை. குழந்தை இலையை இழுக்குது, இவ குழந்தையை இழுக்கிறா. நாலு வாய் உள்ள போகலை... குழந்தை வீல்னு அழுதுச்சு. நாற்காலிக்குப் பின்னாடி ஒருத்தர், பத்திரம் எழுதுறவர், பேரு ரங்கநாதன். நாற்காலி மேலயே கையை வெச்சுக்கிட்டு நிக்கிறார். "க்ஹும்..." ஒரு செருமல். "க்ஹும்... க்ஹும்..." நாச்சிமுத்து குடுகுடுன்னு ஓடி வந்து, "இலையை எடுத்துடலாங்களா அம்மிணி?"

கேட்டீங்களா? சோறு அப்படியே இருக்கு. இலையை எடுத்துடலாங்களாம்!

அந்தப் பொண்ணுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. இடது கையில் குழந்தையைப் பிடிச்சுக்கிட்டு, சோத்தோட சேர்த்து இலையை மடிச்சா.

அடுப்படி வாசல்ல நின்ன துளசிமணி பாத்துட்டா. கரண்டியைப் போட்டா. நேரா வந்தா. மடிச்ச இலையை... தன் கையால விரிச்சா!

"மடிக்காத கண்ணு. இன்னும் ரசமே வரலை."

பின்னாடி நின்னவரைப் பாத்தா. "ஏனுங்கண்ணா, நீங்களும் நம்ம விருந்தாளிதான். உங்களை நிக்க வெச்சது எங்க தப்பு." சொல்லிட்டு, கல்லா நாற்காலியை இழுத்து வாசப்பக்கம் போட்டா.

நாச்சிமுத்து பதறிட்டார். "ஏம்புள்ள, அது என்ற நாற்காலி!"

"தெரியுமுங்க மாமா. கொஞ்ச நேரம் நீங்க நில்லுங்க. நின்னா எப்படி இருக்குதுன்னு தெரியட்டும்."

கடையே சிரிச்சுது. ரங்கநாதன் கையில் ஒரு டம்ளர் சூடான ரசம். அவர் முகத்தில் கோபம் எங்க போச்சுன்னே தெரியலை.

அப்புறம் துளசிமணி குழந்தைக்காகக் கையை நீட்டினா. அந்தப் பொண்ணு தயங்கினா. தயங்காம இருப்பாளா? முன்னப்பின்ன தெரியாதவங்க கையில் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பா? துளசிமணிக்குப் புரிஞ்சுது. "எங்கயும் போகமாட்டேன் சாமி. உன்ற கண்ணுக்கு எதிரயே நிக்கறேன்." பிள்ளையை வாங்கிக்கிட்டு, அப்படியே எதிர்ல நின்னா. ஒரு அடி நகரலை. அந்தப் பொண்ணு சாப்பிட்டா... சாம்பார், ரசம், மோர், எல்லாம் சாப்பிட்டா. கை கழுவிட்டு வந்து பிள்ளையை வாங்கும்போது சொன்னா: "அக்கா, இவன் பொறந்ததுக்கப்புறம் நான் சூடா சாப்பிட்டது இன்னைக்குத்தான்."

மறுநாள் முதல் ஆளா வந்தது யாரு? ரங்கநாதன்! கூடவே பத்திரம் பதிய வந்த ஒரு குடும்பம். வாசல்ல ஒரு பெஞ்சு வந்துச்சு. காத்திருக்கிறவங்களுக்கு டம்ளர்ல ரசம் வந்துச்சு. நாற்காலிக்குப் பின்னாடி நிக்க நாச்சிமுத்துவே யாரையும் விடலை. அந்தப் பொண்ணும் வந்தா, புருசனைக் கூட்டிக்கிட்டு, மாமியாரைக் கூட்டிக்கிட்டு.

ஆடி முடிஞ்சுது. கட்டடக்காரர் சாவி கேட்டு வந்தார். நாச்சிமுத்து சிரிச்சுக்கிட்டே, "பெஞ்சுல உக்காருங்க. உள்ள இடம் காலியானதும் கூப்பிடறேன்"னார். அடுப்படியில் துளசிமணி, ரொம்ப நாளைக்கப்புறம்... நிம்மதியா ஒரு மூச்சு விட்டா.

இப்ப சொல்லுங்க. ரசம் மாறுச்சா? அதே ரசம். கை மாறுச்சா? அதே கை. அப்ப என்னதான் மாறுச்சு? சாப்பிட உக்காந்தவங்க நம்மை நம்பி முதுகைக் காட்டி உக்காருறாங்க. அந்த முதுகுக்குப் பின்னாடி அவசரத்தை நிக்க வெச்சா, அவங்க ஒரு தடவை வருவாங்க. நிம்மதியை நிக்க வெச்சா? ஊரையே கூட்டிக்கிட்டு வருவாங்க. பசியோட வர்றவங்களுக்குச் சோறு போடுறது வியாபாரம். "மெதுவா சாப்பிடுங்க"ன்னு சொல்றதுதான் விருந்து. நாம விருந்து வைப்போம் அக்கா தங்கச்சிங்களா!

இவ்வளவுதான் அக்கா. எழுதி முடிச்சதும் மனசு லேசாயிடுச்சு. நீளமா இருந்தா எதை எடுக்கணும்னு சொல்லுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.